விடையை மறுக்கும் உரிமை

கொடுப்பது நல்லது என்பதில் நமக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. பசித்தவனுக்குச் சோறு போடுகிறவனைப் பார்த்து, "ஏன் போட்டாய்?" என்று யாரும் கேட்பதில்லை. கையில் வைத்துக்கொண்டே இல்லையென்று சொல்கிறவனைத்தான் உலகம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறது. ஆனால், கொடுக்கத் தக்க பொருள்களுக்குள்ளே ஒன்று மட்டும் இந்தப் பொது விதிக்குக் கட்டுப்படாமல் தனியே நிற்கிறது. அதுதான் விடை. ஒரு கணக்கின் விடையைத் தெரிந்து வைத்திருக்கிற வாத்தியார், அது தெரியாமல் தவிக்கிற பிள்ளையின் எதிரே உட்கார்ந்துகொண்டு, வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இதை நாம் கருமித்தனம் என்று சொல்வதில்லை. நல்ல போதனை என்று பாராட்டுகிறோம்.

எப்போதுமே அப்படிப் பாராட்டிவிடலாமா? தெரிந்த விடையை மறுக்கும் உரிமை ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது? அந்த உரிமைக்கு ஒரு விலை உண்டா? உண்டென்றால், அதைக் கொடுக்க வேண்டியவர் யார்?

சில மாதங்களாக இந்தக் கேள்விகள் என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கின்றன. அதற்குக் காரணம் ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியார்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் இருக்கிறார் அவர். முப்பது வருஷங்களுக்கு மேல் உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டரை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் புரோகிராம் எழுதத் தாமாகவே கற்றுக்கொண்டார். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி அது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கென்று தமிழில் சிறுசிறு பாடங்களாக எழுதத் தொடங்கினார். பாடத்துக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கைப்பேசியில் அனுப்புகிறார். காசு வாங்குவதில்லை. பக்கத்தின் அடியில் தம்முடைய பெயரைப் போடுவதும் இல்லை.

அவர் எடுத்துக்கொண்ட மொழி பைத்தான். பெயரைக் கேட்டுப் பாம்பு என்று நினைக்க வேண்டாம். கீடோ வான் ரோசம் என்ற டச்சுக்காரர் 1991-இல் அதை வெளியிட்டபோது, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்து வைத்தார். நம் மேனிலைப் பள்ளிகளின் கணினி அறிவியல் பாடத்தில் இன்று அந்த மொழியும் இருக்கிறது. ஆகவே, பிள்ளைகளுக்கு அது ஓர் அலங்காரக் கல்வி அல்ல. பரீட்சைக்கும் மதிப்பெண்ணுக்கும் உரிய காரியம்.

வாத்தியாரின் பாடங்களில் ஒரு விசேஷம் உண்டு. பக்கத்தின் மேற்பகுதியில் ஒரே ஒரு விஷயத்தை விளக்கியிருப்பார். நடுவில் ஐந்தாறு வரிகளில் ஒரு புரோகிராம் இருக்கும். அடியில் இன்னொரு புரோகிராம்; அதில் ஏதாவது ஒரு தவறு ஒளிந்திருக்கும். "கண்டுபிடி" என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதியிருப்பார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் விடைகள் இரா. பிள்ளைகள் மன்றாடிக் கேட்டாலும் சொல்ல மாட்டார்.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு எண்களைக் கேட்டு வாங்கி அவற்றைக் கூட்டிச் சொல்ல வேண்டும், இவ்வளவுதான் வேலை. பிள்ளை எழுதுகிறது. யந்திரம் முதல் எண்ணைக் கேட்கிறது. 5 என்று கொடுக்கிறது. இரண்டாவது எண்ணைக் கேட்கிறது. 7 என்று கொடுக்கிறது. பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் 57 வந்து நிற்கிறது! யந்திரம் கோபித்துக்கொள்ளவும் இல்லை, முறையிடவும் இல்லை. ஐந்தும் ஏழும் சேர்ந்தால் ஐம்பத்தேழு என்று நிச்சயத்தோடு சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்குக் காத்திருக்கிறது.

காரணம் எளியதுதான். விசைப்பலகையில் நாம் தட்டிக் கொடுப்பது எதுவானாலும் பைத்தான் அதை எழுத்துகளின் கோவையாகவே வாங்கிக்கொள்கிறது. 'இது எண்' என்று நாம் எடுத்துச் சொன்னால்தான் அது எண்ணாகும். சொல்லாதவரை, கூட்டல் குறி அதற்குக் கூட்டல் அல்ல; பூவோடு பூவைச் சேர்த்துத் தொடுப்பது போல ஓர் எழுத்துக் கோவையின் வாலில் மற்றொன்றை ஒட்டுவதுதான். இந்த விஷயத்தைச் சொல்ல அரை நிமிஷம் போதும். வாத்தியார் அந்த அரை நிமிஷத்தைத்தான் மறுக்கிறார்.

ஏன் மறுக்கிறார் என்று ஒரு தடவை கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது.

புரோகிராமில் நேர்கிற தவறுகள் இரண்டு ஜாதி. ஒன்று, சத்தம் போடுகிற தவறு. முக்காற்புள்ளியை விட்டுவிட்டால், உள்ளே தள்ளி எழுத வேண்டிய வரியை விளிம்போடு எழுதிவிட்டால், யந்திரம் உடனே நின்றுவிடும். எந்த வரியில் தடுக்கியது என்றும் சொல்லிவிடும். இந்தத் தவறுகளால் ஆபத்தில்லை. இன்னொன்று, மௌனமான தவறு. யந்திரம் சுகமாக ஓடும், விடையும் வரும், ஆனால் அந்த விடை பொய்யாக இருக்கும். 57 அந்த இரண்டாவது ஜாதி. அது பொய்யென்று சொல்ல யந்திரத்தால் ஆகாது. எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதனுக்குத்தான் ஐந்தும் ஏழும் பன்னிரண்டு என்று தெரியும். "அந்தச் சந்தேகப்படுகிற புத்தி பிள்ளைக்குத் தானாக வர வேண்டும். நான் சொல்லிக் கொடுத்தால் இந்த ஒரு தவறு திருந்தும், புத்தி வராது" என்றார் அவர்.

லீப் வருஷத்தைக் கண்டுபிடிக்கிற புரோகிராமையும் எனக்குக் காட்டினார். நான்கால் மீதியின்றி வகுபடுகிற வருஷமெல்லாம் லீப் வருஷம் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். 2020-ஐக் கொடுத்தால் சரியாக வரும். 2024-ஐக் கொடுத்தாலும் சரியாக வரும். 2000-த்துக்குங்கூடச் சரியாகவே வரும். மூன்று தடவை சரியாக வந்தபிறகு எந்தப் பிள்ளை சந்தேகப்படும்? 1900-ஐக் கொடுத்துப் பார்த்தால்தான் குட்டு உடையும். நூற்றாண்டு வருஷங்கள் நானூறால் வகுபட்டால்தான் லீப் வருஷம் என்பது விதி. 1900 லீப் வருஷம் அல்ல, 2100-உம் அல்ல. இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளைகளில் சிலராவது 2100-ஐக் கண்ணால் பார்ப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை உண்மை சொல்கிறவனை நம்பிவிடுவது மனித சுபாவம். மிச்சமிருக்கிற ஒரு முறைக்காகத் தேடிப் போய்ச் சோதிப்பது பழக்கத்தால் வருகிற குணம்.

இதைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 1999-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், செவ்வாய்க் கிரகத்தைச் சுற்ற வேண்டிய ஓர் அமெரிக்க விண்கலம் அந்தக் கிரகத்தை மிகவும் நெருங்கிப் போய் அழிந்தது. பின்னர் விசாரித்தார்கள். பூமியில் இருந்த ஒரு புரோகிராம் ராக்கெட் உந்தலின் அளவைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்திருந்தது. அதை வாங்கிக்கொண்ட புரோகிராமோ நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. எண் எண்ணாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதன் பொருள் மாறிப் போயிற்று. யந்திரங்கள் இரண்டும் வழியெல்லாம் மௌனமாக ஒத்துழைத்தன. 57 என்று வந்தபோது சிரித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கும், அந்த விண்கலத்தை இழந்த நிபுணர்களுக்கும் நேர்ந்தது ஒரே குலத்துத் தவறுதான்.

ஆகவே, விடையை மறுப்பதற்கு நியாயம் இருக்கிறது. அது புதிய நியாயமும் அல்ல. தைத்திரீய உபநிஷதத்தில் பிருகு என்ற மகன், தன் தந்தை வருணனிடம் போய், பிரம்மம் எது என்று கேட்கிறான். தந்தை வழியைக் காட்டி, தவம் செய்து தெரிந்துகொள் என்று அனுப்புகிறார். மகன் திரும்பி வந்து அன்னமே பிரம்மம் என்கிறான். "தவறு, சரியான விடை இதோ" என்று தந்தை சொல்வதில்லை. மறுபடியும் தவம் செய் என்று அனுப்புகிறார். பிராணன், மனம், விஞ்ஞானம் என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஐந்தாவது தடவைதான் மகன் ஆனந்தத்தில் வந்து நிற்கிறான். நம் காலத்தில், பிள்ளைகளுக்கென்று லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியை 1967-இல் சகாக்களுடன் சேர்ந்து உருவாக்கிய சீமோர் பேப்பர்ட்டும் இதே தடத்தில்தான் போனார். ஒரு புரோகிராம் சரியா தவறா என்று கேட்பதைவிட, அதைத் திருத்த முடியுமா என்று கேட்பதே மேல் என்பது அவர் கொள்கை. தவறு செய்தால் தலையில் குட்டு என்ற பள்ளிக்கூடச் சம்பிரதாயத்துக்கு எதிரே, தவறைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்கிற சந்தோஷத்தை அவர் வைத்தார்.

இதெல்லாம் வாத்தியாரின் கட்சி. எதிர்க் கட்சி ஒன்று உண்டு. அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு நாள் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தபோது நேரிலேயே கேட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிற ஒரு பெண், கையில் ரெக்கார்டு நோட்டோடு வந்து நின்றாள். அதே 57 கணக்கு. இரண்டு நாளாகப் பார்த்தும் பிடிபடவில்லை என்றாள். "இன்னும் கொஞ்சம் பாரு, தாயி" என்றார் வாத்தியார், வழக்கம்போல. அவள் பின்னாலேயே அவளுடைய தாயும் வந்திருந்தாள். பீடி சுற்றிப் பிழைக்கிறவள். அந்த அம்மாள் தெருவில் நின்றபடியே பேசினாள்:

"ஸார், நீங்க பெரியவுக. பிள்ளைகளுக்கு நல்லதுதான் செய்யுதீங்க, நான் இல்லைங்கலை. ஆனா நாளான்னைக்கு இவளுக்குச் செய்முறைப் பரீட்சை. டவுன்ல டியூசன் போற பிள்ளைகளுக்கு எல்லாத்தையும் எழுதிக் கையிலே கொடுத்துருதாங்க. அதுக மனப்பாடம் பண்ணி மார்க்கை வாங்கிட்டுப் போயிருது. எம் பிள்ளையை மட்டும் யோசி யோசிங்கீங்க. யோசிக்க அவளுக்கு நேரம் எங்கே இருக்கு, ஸார்? வீட்டுக்கு வந்தா தண்ணி எடுக்கணும், எனக்கு இலை வெட்டித் தரணும். பணக்காரப் பிள்ளை யோசிக்காமலே பாஸாகுது. ஏழைப் பிள்ளைதான் யோசிக்கணுமா?"

வாத்தியார் பதில் சொல்லவில்லை. என்னிடமும் பதில் இருக்கவில்லை.

அந்த அம்மாளின் கேள்வியைச் சாமானியமாக நினைக்கக் கூடாது. விடையை மறுப்பது நல்லது என்ற கொள்கையின் செலவை யார் ஏற்கிறார்கள் என்று அவள் கேட்டாள். பிருகுவுக்குத் தவம் செய்ய அவகாசம் இருந்தது. ஐந்து தடவை போய்விட்டு வரலாம். நாளை மறுநாள் பரீட்சை என்ற நெருக்கடி அவனுக்கு இல்லை. வாத்தியாருக்கோ மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. அந்தப் பெண் தோற்றாலும் ஜெயித்தாலும் அது நிற்காது. கொள்கை அவருடையது, நஷ்டம் அவளுடையது. பிறர் செலவில் கடைப்பிடிக்கிற கொள்கை எவ்வளவு உயர்ந்ததானாலும், அதில் கொஞ்சம் அநீதி கலந்துவிடுகிறது.

பிளேட்டோ எழுதிய 'மேனோ' என்ற உரையாடலில் ஒரு புகழ் பெற்ற இடம் உண்டு. மேனோ என்ற பிரபுவின் வீட்டு அடிமைப் பையன் ஒருவனை ஸாக்ரட்டீஸ் கூப்பிடுகிறார். ஒரு சதுரத்தைப் போல இரு மடங்கு பரப்புள்ள சதுரத்தை வரைய வேண்டும் என்கிறார். பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் போதும் என்கிறான் பையன். ஸாக்ரட்டீஸ் விடையைச் சொல்லவில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார். அப்படிச் செய்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும் என்று பையனே காண்கிறான். கடைசியில் மூலைவிட்டத்தின் மேல் எழுகிற சதுரமே விடை என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான். கல்வி என்றால் என்ன என்று பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பவர்கள் குறைவு. பாடம் முடிந்ததும் பெரியவர்கள் இருவரும் அறம் கற்பிக்கத் தக்கதா என்ற தங்கள் விவாதத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். பையனைப் பற்றிப் பிறகு பேச்சில்லை. அவன் அடிமையாக வந்தான்; சதுரத்தை இரட்டிக்கத் தெரிந்த அடிமையாகத் திரும்பிப் போனான். ஏழைப் பிள்ளைதான் யோசிக்கணுமா என்று அந்தத் தாய் கேட்டபோது, எனக்கு இந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

அப்படியானால் விடையைச் சொல்லிவிட வேண்டியதுதானே? அதற்கும் என் மனம் ஒப்பவில்லை. ஏழைப் பிள்ளையாயிற்றே என்று இரங்கி, யோசிக்கிற வேலையிலிருந்து அவளுக்கு விடுதலை கொடுப்பதாகச் சொல்வது இன்னும் பெரிய அநீதி. பரீட்சைக்குப் பின்னாலும் ஓர் உலகம் இருக்கிறது. பணக்காரப் பிள்ளை யோசிக்கத் தெரியாமல் வளர்ந்தால், அவனைத் தாங்கிக்கொள்ளத் தகப்பனுடைய சொத்தும் மாமனுடைய சிபாரிசும் இருக்கும். ஏழைப் பிள்ளைக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த யோசிக்கிற சக்தி ஒன்றுதான். அதையும் இரக்கத்தின் பேரால் பிடுங்கிக்கொள்ளலாமா? துரோணர் ஏகலைவனுக்கு வித்தையை மறுத்தது ஒரு கொடுமை என்றால், வித்தைக்குப் பதிலாக விடையைக் கொடுத்து அனுப்பிவிடுவது அதற்குத் தம்பி முறையான கொடுமை. இரண்டிலும் பிள்ளை வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது.

மறுத்தாலும் அநீதி; கொடுத்தாலும் அநீதி. இந்த இக்கட்டிலிருந்து வெளியே வருகிற வழி அன்று அந்தத் திண்ணையில்தான் எனக்குத் தெரிந்தது.

வாத்தியார் எழுந்து போய் அந்த அம்மாளுக்கு ஒரு பாயை எடுத்துப் போட்டார். "உட்காருங்கம்மா. எவ்வளவு நேரமானாலும் நானும் இங்கேதான் இருக்கேன்" என்றார். பெண்ணைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார வைத்தார். விடையைச் சொல்லவில்லை. "எண்ணைக் கேட்டா எண்ணைத்தான் கொடுக்கணும்னு சட்டமா? உனக்குப் பிடிச்ச வார்த்தை ரெண்டைக் கொடுத்துப் பாரேன்" என்றார்.

பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். 'கண்' என்று ஒன்றைக் கொடுத்தாள். 'மணி' என்று மற்றொன்றைக் கொடுத்தாள். திரையில் 'கண்மணி' என்று வந்தது.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்குத் துடித்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். வெகு நேரம் கழித்து, "ஸார், அது நம்பரையும் எழுத்துன்னே நெனச்சிக்கிட்டு இருக்கு" என்றாள் அந்தப் பெண். எண்ணாக மாற்றிக்கொள்கிற வழி அவள் ரெக்கார்டு நோட்டிலேயே வேறொரு பக்கத்தில் இருந்தது. தானே தேடி எடுத்து எழுதினாள். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பரீட்சையில் அவள் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்று நான் விசாரிக்கவில்லை. அதிகமாக வந்திருந்தால் வாத்தியாரின் முறை சரி என்றோ, குறைவாக வந்திருந்தால் தவறு என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு செயல் தர்மமா அல்லவா என்பதை அதன் அதிர்ஷ்டம் முடிவு செய்வதில்லை.

நான் கவனித்தது வேறு. அந்த ஒன்றரை மணி நேரத்தின் விலையைக் கொடுத்தவர்கள் மூன்று பேர். பெண் தன் உழைப்பைக் கொடுத்தாள். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஆகவே, அந்தத் தாய் பாயில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கும் ஒரு காசுக் கணக்கு உண்டு. அதை அவள் கொடுத்தாள். வாத்தியார் தம் மாலைப் பொழுதைக் கொடுத்தார். வயதான மனிதருக்கு மாலைப் பொழுதுகள் எண்ணிச் செலவழிக்க வேண்டிய பண்டம்.

இதிலிருந்து என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். விடையை மறுக்கிற உரிமை உண்டு. ஆனால் அது சும்மா வருவதில்லை. விடையை மறுக்கிறவன், அதற்கு ஈடாகத் தன் நேரத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டவன். கூட உட்கார மனமில்லாமல், "யோசித்துப் பார்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர் போதகர் அல்லர், வாசற்கதவைச் சாத்துகிறவர். கூட உட்கார மனமில்லாமல் விடையை எழுதிக் கொடுத்து அனுப்புகிறவர், அதே கதவைக் கொஞ்சம் மரியாதையாகச் சாத்துகிறவர். அரை நிமிஷத்தில் சொல்லக்கூடியதைச் சொல்லாமல் ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டுமே அந்த அரை நிமிஷத்தை மறுக்கும் உரிமை இருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் பாரு" என்பதும் "நானும் இங்கேதான் இருக்கேன்" என்பதும் தனித்தனி வாக்கியங்கள் அல்ல. முதலாவதைத் தனியே சொன்னால் கட்டளை. இரண்டாவதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது கல்வி.

இந்த இடத்தில் இன்றைய வாசகர் ஒருவர் குறுக்கிடுவார் என்று எனக்குத் தெரியும். "ஐயா, நீர் எந்தக் காலத்தில் இருக்கிறீர்? 2022-ஆம் வருஷக் கடைசியிலிருந்து, கேட்டால் புரோகிராமையே எழுதித் தருகிற யந்திரங்கள் வந்துவிட்டன. அந்தப் பெண் தன் சந்தேகத்தை ஒரு கைப்பேசியில் தமிழிலேயே கேட்டிருந்தால், ஒரு கண நேரத்தில் விடை வந்திருக்கும். வாத்தியாரும் வேண்டாம், பாயும் வேண்டாம்" என்பார்.

வாஸ்தவம். அதை மறுத்துப் பிரயோஜனம் இல்லை. அந்த யந்திரத்துக்குப் பொறுமையும் நம் வாத்தியார்களைவிட அதிகம். நூறு தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடு என்று கேட்டால் அப்படியும் செய்யும். பிரம்பை எடுக்காது, ஜாதி கேட்காது, அப்பன் தொழிலைக் கேட்காது. சில பிள்ளைகளுக்கு அதுவே முதல் நல்ல வாத்தியாராக இருக்கக்கூடும். அதைப் பழிப்பது என் நோக்கம் அல்ல.

ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். ஒன்று: புரோகிராமை யார் எழுதினாலும், வந்து நிற்பது 57 என்றால் அதைப் பார்த்துத் திடுக்கிடுகிற மனிதன் ஒருவன் வேண்டும். எழுதுகிற வேலை யந்திரத்துக்குப் போகப் போக, திடுக்கிடுகிற வேலை மனிதனுக்குக் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. 1900-ஐக் கொடுத்துச் சோதித்துப் பார் என்று யந்திரத்தை ஏவவாவது, அப்படிச் சோதிக்க வேண்டும் என்று தோன்ற வேண்டாமா? தானே ஒரு தடவை தவறி விழுந்து எழுந்தவனுக்குத்தான் அது தோன்றும்.

இரண்டாவது: யந்திரத்தின் பொறுமைக்கு அதன் வாழ்நாளில் செலவு ஒன்றும் இல்லை. ஒரே நேரத்தில் லட்சம் பேருக்கு அது பொறுமையாக இருக்க முடியும். வாத்தியாரின் பொறுமை அப்படிப்பட்டதல்ல. அந்த ஒன்றரை மணியை அவர் ஒரு பிள்ளைக்குத்தான் கொடுக்க முடியும். கொடுத்தால் அது திரும்பி வராது. தனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் தம் ஆயுளில் ஒரு துண்டை நறுக்கி வைத்தார் என்பதை அந்தப் பெண் கண்ணால் கண்டாள். தன் அறிவு அவ்வளவு பெறும் என்று அவளுக்குத் தெரிய வருவது, புரோகிராமைவிடப் பெரிய பாடம். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தி மிக அரிதாகவே கிடைக்கிறது.

இவ்வளவு சொன்னபிறகு, இது தானமா கடனா என்று கேட்கத் தோன்றுகிறது. இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறாரே, எவ்வளவு பெரிய தர்மவான் என்று ஊரார் அவரைப் புகழ்கிறார்கள். அவருக்கு அந்தப் புகழ்ச்சி பிடிப்பதில்லை.

நன்னூலில் பவணந்தி முனிவர் ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லும்போது, நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறுகிறார். ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கும் நான்கு உவமைகள் கூறுகிறார். அவற்றில் ஒன்று பருத்திக் குண்டிகை: வாய் குறுகிய குடுக்கையில் பஞ்சை அடைப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு, கொடுக்கும்போதும் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்கிறவர். விடையை மறுத்துவிட்டுக் கூட உட்காராத வாத்தியார்களை நான் இந்த வகையில்தான் சேர்ப்பேன். இன்னொன்று முடத்தெங்கு: ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்க்க, வளைந்து போய் அடுத்த வீட்டுக் கொல்லையில் காயை உதிர்க்கிற தென்னை. வழிபட்டு உதவி செய்த மாணாக்கனை விட்டுவிட்டு, வேறொருவனுக்குக் கற்பிக்கிறவரை அப்படிச் சொன்னார் முனிவர். அவர் காலத்துக்கு அது குற்றம்.

நம் வாத்தியாரும் ஒரு முடத்தெங்குதான். ஆனால் அவருக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? சம்பளமாகவும் பென்ஷனாகவும் அவருக்கு வந்த ஒவ்வொரு காசும் ஊரார் கொடுத்த வரி. தீப்பெட்டி வாங்கியவனும், பேருந்தில் ஏறியவனும், பீடி சுற்றிய கையும் அதில் சேர்த்தி. ஊர் முழுவதும் ஊற்றிய தண்ணீரில் வளர்ந்த மரம், எந்தக் கொல்லைப் பக்கம் வளைந்தால்தான் என்ன? எங்கே காயை உதிர்த்தாலும் அது தண்ணீர் ஊற்றியவன் வீட்டுக் கொல்லைதான். ஆகவே, அவர் செய்வது தானம் அல்ல, கடன் திருப்பம். பாடத்தின் அடியில் அவர் பெயர் போடாததற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கடனைத் திருப்பிக் கொடுக்கிறவன் கல்வெட்டு வெட்டிக்கொள்வதில்லை.

ஆனாலும் ஒரு கணக்கு இன்னும் பாக்கி நிற்கிறது. அந்தத் தாய் கேட்ட கேள்வி ஓர் ஊரில், ஒரு மாலையில், ஒரு பிள்ளையளவில் தீர்ந்தது, உலகத்தில் தீரவில்லை. ஐம்பது அறுபது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்து, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் மணி அடித்து, பாடத்தை முடித்தாயா என்று கேட்கிற ஏற்பாட்டில், எந்த வாத்தியாரால் ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார முடியும்? அவர் விடையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. கொடுப்பதற்கு அவர் கையில் நேரத்தை நாம் வைக்கவில்லை.

பிள்ளைகள் சுயமாகச் சிந்திக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். சிந்தனைக்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை வாங்கப் பணம் வேண்டும். வகுப்பில் பிள்ளைகளின் தொகை குறைய வேண்டும். வாத்தியார்களின் தொகை கூட வேண்டும். மாலையில் வீடு திரும்புகிற பெண்ணுக்குத் தண்ணீர்க் குடம் காத்திருக்கக் கூடாது. இவற்றையெல்லாம் செய்யாமல், யோசி யோசி என்று ஏழைப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருப்பது, நம்முடைய செலவை அதன் தலையில் எழுதுவதாகும். ஓய்வு பெற்ற ஒரு கிழவர் தம் பங்கைத் திண்ணையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறார். நம்முடைய பங்கு அப்படியே நிற்கிறது. விடையை மறுக்கிற உரிமை ஒரு சமூகத்துக்கும் உண்டு. ஆனால் கூட உட்காருகிற சமூகத்துக்கு மட்டுமே உண்டு.